சிறப்பு முகாம் (தமிழ்நாடு)

சிறப்பு முகாம் என்பது வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு அரசு தன் ஆணையால் வெளிநாட்டவரை, பெரும்பாலும் ஈழத்தமிழரை, அடைத்து வைக்கும் இடம். நாட்டின் பாதுகாப்பைக் கவனிப்பது ஒரு பணி. வெளிநாட்டவர் வருவதையும் தங்குவதையும் திரும்புவதையும் ஒழுங்குசெய்வது வேறொரு பணி. தமிழ்நாட்டில் இவ்விரண்டும் மாநிலக் காவல்துறையின் கியூ பிரிவிடம் வந்து சேர்ந்தன. முதலில் நக்சலைட் இயக்கத்தைக் கண்காணிக்க உருவான பிரிவு அது.

சட்ட வரலாறு

இந்தியாவில் வெளிநாட்டவருக்கான முதல் தனிச் சட்டம் 1864இல் வந்தது. வெளியேறுமாறு ஆணையிடும் அதிகாரத்தை அது காலனி அரசுக்குத் தந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939இல் பதிவுச் சட்டமும், 1940இல் தற்காலிகமான வெளிநாட்டவர் சட்டமும் இயற்றப்பட்டன. போர் முடிந்தபின் அந்தத் தற்காலிகச் சட்டம் மறைந்திருக்க வேண்டும். மாறாக, 1946இல் நிரந்தரமாயிற்று.  

1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் அகதி என்ற சொல்லே இருக்கவில்லை. இந்தியக் குடிமகன் அல்லாதவர் எவரும் அதன்படி வெளிநாட்டவரே. தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆகவே உயிர் தப்பிப் படகேறி வந்தவரையும் உளவு பார்க்க வந்தவரையும் பிரித்தறியச் சட்டத்தில் வழி இருக்கவில்லை. அந்தப் பிரிப்பு முழுவதும் அதிகாரிகளின் கணிப்புக்கு விடப்பட்டது. வெளிநாட்டவர் மத்திய அரசின் பொருள் என்றாலும், குறிப்பிட்ட இடத்தில் வசிக்குமாறு ஒருவருக்கு ஆணையிடும் அதிகாரம் அரசியலமைப்பின் 258ஆம் உறுப்பின்படி 1958இல் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறப்பு முகாம் நிற்பது இந்த ஓர் ஆணையின் மேல்தான்.

தோற்றம்

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அகதிகள் அலை அலையாக வந்தனர். 2012 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். 1990 ஜூன் 19 அன்று ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணித் தலைவர் பத்மநாபா சென்னையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டில் வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலில் சிறப்பு முகாம் தொடங்கியது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் கண்காணிப்பு பன்மடங்கு இறுகியது. 1995 ஆகஸ்டில் வேலூரிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினர். பின்னாளில் செங்கல்பட்டு, பூவிருந்தவல்லி, திருச்சி மத்திய சிறை வளாகம் ஆகிய இடங்களில் முகாம்கள் இயங்கின.

சிறப்பு முகாமில் வைப்பது காவலில் வைத்தல் அன்று, நடமாட்டக் கட்டுப்பாடு மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 1990களில் கூறியது. ஆனால் பிணை பெற்று வெளியே வந்தவர் சிறை வாசலிலிருந்தே இங்கு கொண்டுவரப்படுகிறார். தண்டனை என்றால் அதற்கொரு முடிவுநாள் உண்டு. இங்கே அதுவும் இல்லை. எனவே பெயர் எதுவாயினும் இது சிறையே. உள்ளே நடந்த உண்ணாநோன்புகள் பலவற்றின் கோரிக்கையும் குடும்பத்தோடு சேர்த்துவிடுங்கள் என்ற ஒன்றுதான்.

முகாம் வகைகள்

மண்டபம் இடைத்தங்கல் முகாம். தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புமுன் தொற்றுநோய்க்காகத் தனிமைப்படுத்தி வைத்த பழைய வளாகம் அது. அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பலர் அகதிகளாக அதே வாசலில் வந்து இறங்கினர். அங்கிருந்து மக்கள் பிற மாவட்டங்களின் பொது முகாம்களுக்குப் பிரித்தனுப்பப்படுகின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என மூன்று பொது முகாம்கள் உள்ளன. பொது முகாமில் பூட்டு இல்லை. ஆயினும் ‘செக்கிங்’ என்று கேம்ப் மக்கள் சொல்லும் ஆள் சரிபார்ப்பு உண்டு; அன்று ஊரில் இல்லாவிட்டால் அரசு தரும் பணக்கொடை நிற்கும். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் அந்த நாளை எண்ணியே பயணத்தை வகுத்துக்கொள்கின்றனர்.

  

இன்றைய நிலை

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2021இல் பொது முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றப்பட்டது. ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் விடுதலையான இலங்கையர் நால்வர் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் சாந்தன் 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார்; மற்ற மூவர் ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். 1946ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.