விசைத்தறியும் அதன் காப்புறுப்புக்களும்

கைத்தொழிற் புரட்சியைப் பற்றிக் கூறும் நூல்கள் பெரும்பாலும் இயக்கத்தின் வரலாற்றையே கூறுகின்றன. எப்பொறியை எவர் ஆக்கினார், எவ்விசையால் அஃது இயங்கிற்று, எத்துணை விரைவாக இயங்கிற்று என்பனவே மாணவர் பரீட்சையின் பொருட்டு மனனஞ் செய்வன. இயங்கும் பொறி வேண்டிய கணத்தில் நிற்றலும் வேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். பருத்தி நெசவின் வரலாற்றை நுணுகி நோக்குவார்க்குத் தறியை இயக்குதல் எளிதாயிருந்தது என்பதும், இயங்குந் தறியைத் தக்க கணத்தில், அதன் உறுப்புக்கள் முறியாவண்ணம் நிறுத்துதலே அரிதாயிருந்தது என்பதும் புலனாகும். விசைத்தறி 1785 இல் தோன்றியும் ஒரு தலைமுறைக் காலம் பரவாது கிடந்தமைக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

நம் நாட்டிற் கைத்தறியைக் கண்ணுற்றார்க்கு இதனை விளக்குதல் கடினமன்று. நெடுக ஓடும் இழைகள் பாவு எனப்படும். குறுக்கே செல்லும் இழை ஊடை எனப்படும். பாவிழைகள் மேலுங் கீழுமாகப் பிரிந்து வாய்போல் விரிய, ஊடையைத் தாங்கிய நாடா அவ்வாயினூடே ஒரு பக்கத்துப் பெட்டியிலிருந்து மறுபக்கத்துப் பெட்டிக்கு ஓடும். பின்னர், சீப்புப் போன்ற அச்சு முன்னே வந்து ஊடையைத் துணியோடு சேர்த்து அடிக்கும். நாடா இடைவழியிற் சிக்குமாயின் கைத்தறியாளன் தன் கையிலேயே அதனை உணர்கின்றான். வழக்கமான ஒலி எழாமையைச் செவியும் அறிவிக்கின்றது. அவன் அச்சை முன்னே இழுப்பதில்லை. நாடாவை எடுத்துவிட்டுத் தொழிலைத் தொடர்கின்றான். ஜோன் கே என்பார் 1733 இல் ஆக்கிய பறக்கும் நாடா, கைக்குக் கை மாற்றும் தொழிலை நீக்கி விரைவை மிகுத்ததாயினும், தறியை நடத்தியது மனிதன் கையே ஆதலின் இவ்வுணர்வும் அவனிடமே எஞ்சியிருந்தது.

விசைத்தறிக்கோ அவ்வுணர்வு இல்லை. நிமிடத்திற்கு 120 ஊடை செலுத்துந் தறியில் ஓர் ஊடைக்குரிய காலம் அரை வினாடியாகும். அதனுள் நாடா கடத்தற்குரியது ஒரு சிறு பகுதியே. நாடாவை உந்தும் தோல்வார் தளர்ந்தாலும், அறுந்த பாவிழையொன்று வாயிற் குறுக்கிட்டாலும் நாடா மறுகரை சேராது நின்றுவிடும். அந்நிலையில் அச்சு தன் முழு வலியோடும் முன்னே வருமாயின் யாது நிகழும்? முனைகளில் உருக்குப் பூண்ட வலிய மரநாடா பாவிழைகளுக்கும் அச்சுக்கும் இடையே நசுங்கும். நூற்றுக்கணக்கான இழைகள் ஒருங்கே அறும். அச்சின் பற்கள் வளையும்; நாடாவும் பிளக்கும். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோத்தற்கு நெசவாளர் பல மணி நேரம் உழைத்தல் வேண்டும். நெய்த துணியின் அளவுக்கே கூலி பெற்ற இலங்காஷயர் நெசவாளருக்கு அம்மணி நேரங்கள் கூலியற்ற மணி நேரங்களாயின.

விசைத்தறிக்கு முதல் உரிமைப்பத்திரம் பெற்ற எட்மண்ட் கார்ட்றைற் ஒரு கிறித்தவ குருவாவர். 1784 இல் மற்லொக் என்னும் இடத்திற் சிலரோடு நிகழ்ந்த உரையாடலே தம்மை இம்முயற்சியில் தூண்டிற்று என்றும், அதுகாறும் ஒருவர் நெய்வதைத் தாம் கண்டதேயில்லை என்றும் அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். அவரது முதற்றறியில் அச்சு ஏறக்குறைய அரை அந்தர் நிறையோடு விழுந்தது. அதனைச் சிறிது நேரம் மெல்ல இயக்குதற்கும் வலியார் இருவர் வேண்டியிருந்தனர். உரிமைப்பத்திரம் பெற்ற பின்னரே பிறர் எவ்வாறு நெய்கின்றனர் என்பதைச் சென்று பார்த்தாராம்! ஆயினும் அவரை எள்ளுதல் தகாது. இழை அறும்போது தறி தானே நிற்றல் வேண்டும் என்பதை அவர் விரைவில் உணர்ந்து, பின்வந்த உரிமைப்பத்திரங்களில் அதற்கான வழிகளையும் நாடினார். அவ்வழிகள் நடைமுறையில் நிலைக்கவில்லை. அவரது தறிகளை மன்செஸ்ரர் நகரில் அமைக்க முற்பட்ட கிறிம்ஷோ குடும்பத்தாரின் ஆலை 1792 இல் தீக்கிரையாயிற்று. 1809 இல் பாராளுமன்றம் கார்ட்றைற்றுக்கு 10,000 பவுண் வழங்கிப் பெருமை செய்தது. தறியை நிறுத்தக் கற்பித்தவர் எவருக்கும் அத்தகைய சிறப்புக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அவருள் முதல்வராகக் கொள்ளத்தக்கவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் மில்லர் என்பவர். 1796 இல் அவர் பெற்ற உரிமைப்பத்திரத்திலே, நாடா பெட்டியை அடையாவிடின் தறியை நிறுத்தும் அமைப்பொன்று காணப்படுகின்றது. பிற்காலத்தார் இதனைக் காப்புறுப்பு என்னும் பொருள்பட வழங்கினர். இது பின்னர் அடைந்த திருந்திய வடிவத்தை ஈண்டுச் சிறிது விரித்துக் கூறுதல் தகும்.

நாடாப்பெட்டியின் பின்சுவரில் உட்புறம் புடைத்து நிற்கும் வளைந்த துண்டொன்று உண்டு. நாடா பெட்டியுட் புகும்போது அப்புடைப்பை வெளியே தள்ளுகின்றது. புடைப்போடு தொடர்புற்ற ஒரு விரல், அச்சைத் தாங்கும் சட்டத்தின் கீழே கிடக்கும் தண்டொன்றைத் திருப்ப, அத்தண்டிற் பொருந்திய உருக்கு அலகு மேலெழும். நாடா புகாவிடிற் புடைப்பு அசையாது; அலகும் எழாது. சட்டம் முன்னே வருங்கால் அவ்வலகு தறியின் உடலிற் பொருத்திய திண்ணிய இரும்புத் தடையில் நேரே சென்று மோதும். அச்சு துணியை அணுகு முன்னரே சட்டம் நின்றுவிடும். அதே கணத்திற் கைப்பிடி விடுபட்டு, தோல்வார் சும்மா சுழலும் கப்பிக்கு மாறும். ஆங்கிலத் தொழிலாளர் அவ்வலகைக் குத்துவாள் என்றும், தடையைத் தவளை என்றும் பெயரிட்டழைத்தனர். குத்துவாள் தவளையிற் பாயும் ஓசை நெசவறையின் பேரிரைச்சலுக்கு மேலாகவும் கேட்டதென்பர். ஒரே புடைப்பு, நாடா வந்ததை அறிவிப்பதோடு, வந்த நாடா எகிறித் திரும்பாமலும் பிடித்துக்கொள்வது இவ்வமைப்பின் நயமாகும்.

இங்ஙனம் இழைகள் காக்கப்பட்டன. ஆனால் அடியின் வலி எங்கே சென்றது? அது மறையவில்லை; நூலிலிருந்து இரும்புக்கு மாறிற்று. விரைந்துவரும் சட்டமும் அதனை இயக்கும் மடக்குத்தண்டும் சக்கரங்களும் ஒரு கணத்தில் திடீரென நிற்றல் வேண்டியிருந்தமையின், சட்டத்தைத் தாங்கும் கால்கள் முறிந்தன. இணைப்புக் கைகள் வெடித்தன. பற்சக்கரங்களின் பற்கள் உதிர்ந்தன. சில வேளைகளில் தறியின் உடலே பிளந்தது. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்குமெனினும் அதிர்ச்சியைத் தாங்காது என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். 1822 இல் மன்செஸ்ரரில் றிச்சாட் றொபேட்ஸ் உறுதியான வார்ப்பிரும்புத் தறியை ஆக்கியபின் மரத்தறியின் நெகிழ்ச்சியும் இல்லாதொழிந்தது. விரைவை மிகுக்குந்தோறும் இடரும் மிகுந்தது. இயக்கசத்தி வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதாதலின், நிமிடத்திற்கு 100 ஊடையிலிருந்து 200 ஊடைக்குச் செல்லுந் தறி நிற்கும்போது தவளை தாங்கவேண்டிய அடி இருமடங்கன்று, நான்கு மடங்காகும்.

இவ்விடரைத் தணித்தற்குக் கைக்கொண்ட வழி எளியதே. எளியதாயினும் அறிவு நிறைந்தது. தவளையைத் தறியின் உடலோடு இறுகப் பிணைக்காது, சிறிது முன்னே நகரவிட்டு, அதன் எதிரே வில்லொன்றை வைத்தனர். குத்துவாள் மோதும்போது தவளை பின்வாங்க வில் அவ்வடியை ஏற்கின்றது. அந்நகர்வே கைப்பிடியைத் தள்ளுகின்றது. அதுவே தடைக்கட்டையையும் சக்கரத்தோடு அழுத்துகின்றது. எனவே அடியின் ஒரு பகுதி வில்லிலும், ஒரு பகுதி உராய்விலும் செலவாகி, எஞ்சியதே இரும்புச் சட்டத்தை அடைகின்றது. பொறியை அழிக்கவந்த சத்தியைக் கொண்டே பொறியை நிறுத்துவித்த இச்சிறு திருத்தத்தை, பெயர் பெற்ற பல கண்டுபிடிப்புக்களுக்கு மேலாக மதித்தல் தகும் என்பது என் கருத்து.

மற்றொரு வழி பிளாக்பேண் நகரிலே தோன்றிற்று. அங்கு புறூக்ஹவுஸ் ஆலையில் வில்லியம் கென்வேர்தியும் ஜேம்ஸ் புல்லோவும் 1840 களின் தொடக்கத்தில் தறியைப் பலவாறு திருத்தினர். புல்லோ 1799 இல் பிறந்தவர். இளமையிலேயே தறியில் அமர்ந்து நெய்தவர். நெசவைக் காணாது தறி செய்த கார்ட்றைற்றுக்கும் இவருக்கும் உள்ள வேற்றுமை இவர் வேலையிலே தெரிகின்றது. இவர் பெயரோடு சேர்த்துக் கூறப்படும் தளர் அச்சு, முழுச் சட்டத்தையும் நிறுத்த முயல்வதில்லை. அச்சே விலகிக் கொடுக்கின்றது. அச்சின் மேல்விளிம்பு சட்டத்திற் பொருந்தியிருக்க, கீழ்விளிம்பை வில்லால் அழுத்தப்பட்ட ஒரு கோலே பிடித்திருக்கும். நாடா செவ்வனே கடந்துவிடின், அச்சு துணியை அடிக்கும் நேரத்திற்குச் சற்று முன் அக்கோலின் விரல்கள் ஓர் ஆப்பின் கீழே நுழைந்து இறுகிவிடும். அடி உறுதியாக விழும். நாடா இடையிற் சிக்குமாயின், அது அச்சைப் பின்னே தள்ளும், கீழ்விளிம்பு விலகும், விரல்கள் ஆப்பின் மேலாகச் செல்லும், மற்றொரு விரல் கைப்பிடியைத் தட்டித் தறியை நிறுத்தும். இழையும் அறுவதில்லை; இரும்பும் முறிவதில்லை. மோதல் இல்லாமையால் தறியின் விரைவையும் அச்சமின்றி மிகுக்கலாயிற்று.

குறையும் உண்டு. வில்லாற் பிடிக்கப்பட்ட அச்சு, கப்பற்பாய் போன்ற தடித்த துணியை நெருக்கி அடித்தற்குப் போதிய உறுதியுடையதன்று. ஆதலின் தடித்த துணிக்கு இறுகிய அச்சும் தவளையும், மெல்லிய துணிக்குத் தளர் அச்சும் என இருவகைத் தறிகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அருகருகே வழங்கின.

இதே காலத்திற் செம்மையுற்ற ஊடைக்கவை வேறொரு காவலைச் செய்தது. ஊடையிழை அறுந்தாலோ தீர்ந்தாலோ அச்சிறு முட்கவை இழையின் தாங்குதலை இழந்து, தறியை நிறுத்தும். இதற்கு 1834 இல் உரிமைப்பத்திரம் பெற்றவருள் ஒருவர் ரொட்மோடனைச் சேர்ந்த ஜோன் றம்ஸ்பொற்றம். 1841 இல் கென்வேர்தியும் புல்லோவும் இதனைத் திருத்தினர். றம்ஸ்பொற்றம் பின்னர் புகையிரத எந்திரத் துறையிற் புகுந்து, கொதிகலன் வெடியாது காக்கும் அடைப்பிதழொன்றை ஆக்கியமையும் நோக்கற்பாலது.

இவற்றால் விளைந்தது யாது? விசைத்தறி பரவியமைக்குக் காப்புறுப்புக்களே காரணம் என்று கூறுதல் மிகையாகும். 1803 அளவில் றட்கிளிவ், ஜோன்சன் என்போர் பாவுக்கு முன்னரே கஞ்சியிடும் பொறியை ஆக்காதிருந்தால், தறியை அடிக்கடி நிறுத்திக் கஞ்சி பூசுதலிலேயே காலங் கழிந்திருக்கும். ஆயினும் எண்ணிக்கைகள் கருதத்தக்கன. பிரித்தானியாவில் 1813 இல் ஏறக்குறைய 2,400 விசைத்தறிகள் இருந்தன. 1820 இல் 14,150. 1833 இல் 100,000 எனக் கணக்கிட்டனர். 1835 இல் பருத்தித் தொழிலின் வரலாற்றை எழுதிய எட்வேட் பெயின்ஸ் தரும் ஒப்பீடு தெளிவானது. தேர்ந்த கைத்தறியாளர் வாரத்தில் இரு துண்டு நெய்த துணிவகையை, 1823 இல் 15 வயதளவினர் ஒருவர் இரு விசைத்தறிகளைக் கவனித்து ஏழு துண்டு நெய்தார். 1833 இல் 15 முதல் 20 வயதுடைய ஒருவர் 12 வயதுச் சிறுமியொருத்தியின் துணையோடு நான்கு தறிகளைக் கவனித்து 18 துண்டு நெய்தார். ஒருவர் நான்கு தறிகளை நம்பி விடுதல் எப்போது இயலும்? முதற்றறியை நோக்கும்போது நான்காந் தறி தன்னைத்தானே முறித்துக்கொள்ளாது என்ற உறுதி இருந்தாலன்றோ!

இவ்வுறுதியின் பயன் ஒருவரை மாத்திரம் சேர்ந்ததன்று. முறிவு குறைந்தமையால் முதலாளிக்கு உறுப்புச் செலவு குறைந்தது. துண்டுக் கூலி பெற்றவர்க்கு வீணே கழியும் நேரமும் குறைந்தது. 1853 இல் பிளாக்பேண் கூலிப்பட்டி அமைந்தபோதும் நெய்ததற்கே கூலி என்னும் முறையே நிலைபெற்றமையால், தளர் அச்சு காத்தது நெசவாளர் உணவையுந்தான் எனலாம். ஆனால் அதே உறுதி ஒருவர் தலையில் மேலும் தறிகளைச் சுமத்துவதற்கும் வழி செய்தது. கைத்தறியாளர் நிலையோ வேறு. 1820 இல் ஏறக்குறைய 240,000 ஆக இருந்த அவர் தொகை 1850 இல் 43,000 அளவிற்குச் சுருங்கிற்று. கையின் உணர்வே அவர்களிடம் எஞ்சியிருந்த மேன்மை. புடைப்பும் குத்துவாளும் ஊடைக்கவையும் அவ்வுணர்வை ஒவ்வொரு பகுதியாகப் பொறிக்குள் கொண்டுசென்றன. புல்லோவின் திருத்தங்கள் பிளாக்பேணிற் பகையை விளைத்து, அவர் அந்நகரை விட்டு நீங்க நேர்ந்ததென்பதை இந்நிலையில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும். பின்னர் அவர் ஜோன் ஹவாட் என்பவரோடு கூடி அக்ரிங்ரனில் நடத்திய பொறித்தொழிலகம் பெருஞ்செல்வம் ஈட்டிற்று. அவர் மகன் 1888 இல் ஸ்கொத்லாந்தின் றம் என்னும் தீவு முழுவதையும் விலைக்கு வாங்கினார்.

1950 களிலிருந்து நாடாவற்ற தறிகள் ஆலைகளிற் புகத்தொடங்கின. சிக்குதற்கு நாடா இல்லாத தறியிலே தவளைக்கும் குத்துவாளுக்கும் வேலையில்லை. பேண்லி நகர்ப்புறத்தில் 1894 இல் எழுந்த குயின் ஸ்ரீற் ஆலை மட்டும் 1982 வரை நீராவியாலேயே இலங்காஷயர் தறிகளை இயக்கிற்று. அதன்பின் அது நூதனசாலையாக்கப்பட்டு, அத்தறிகளும் அவற்றின் காப்புறுப்புக்களும் அங்கே பேணப்பட்டன.