எட்டடிப் பாண்டா வந்த வழி

பிக்கரிங்குக்குப் பக்கத்திலேயே, ரூஜ் ஆற்றை ஒட்டி, ரொறன்ரோ மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அங்கே சிவப்புப் பாண்டாவைப் பார்க்கலாம். பூனையைவிடச் சற்றுப் பெரிய உடல், ஐந்து கிலோ அளவு எடை, வளையம் வளையமாக நிறம் மாறும் வால். நேபாளம், சிக்கிம், சீனாவின் சிச்சுவான் மலைக்காடுகள்தான் அதன் ஊர். இந்தச் சிறு விலங்கு எட்டடி உயரத்துக்கு வளர்ந்து, 2022 மார்ச்சில் எங்கள் வீடுகளின் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தது. 'டர்னிங் ரெட்' என்ற அனிமேஷன் படத்தில் மெய் என்ற பெண்பிள்ளை மாறும் உருவம் அது.

அதை வரையவைத்தவர் படத்தின் இயக்குநர் டோமி ஷி. சிச்சுவானை ஒட்டிய சோங்சிங்கில் பிறந்து, சின்ன வயதிலேயே கனடா வந்து, ரொறன்ரோவில் வளர்ந்தவர். ஓக்வில்லில் உள்ள ஷெரிடன் கல்லூரியில் அனிமேஷன் படித்துவிட்டு, 2011இல் கலிஃபோர்னியாவின் பிக்ஸாருக்குப் போனார். 2018இல் 'பாவ்' என்ற குறும்படத்தை இயக்கினார். அடுத்த ஆண்டு அதற்கு ஆஸ்கர் கிடைத்தது.

பாண்டாவின் பிறப்பு எனக்கு 'பாவ்' படத்திலேயே தெரிகிறது. அதில் பேச்சு இல்லை. தனித்துப்போன தாய் ஒருத்தி கொழுக்கட்டை பிடிக்கிறாள். அதில் ஒன்று உயிர் பெற்றுப் பிள்ளையாகிறது. வளர்ந்து, வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதைப் பிடித்து விழுங்கிவிடுகிறாள். பார்ப்பவர் திடுக்கிட்டிருக்கும்போதே அவளுடைய உண்மையான மகன் அறைக்குள் வருகிறான். அதே உருண்டை முகம். அவள் யாரை வளர்த்தாள், யாரைப் போகவிடாமல் தடுத்தாள் என்பதெல்லாம் அந்த முக வடிவிலேயே விளங்கிவிடுகிறது.

மெய்யை உருவாக்கும்போது சிக்கல் பெரிது. 2002ஆம் ஆண்டின் ரொறன்ரோ. பதின்மூன்று வயதுப் பெண். ஒரு காலை எழுந்து பார்த்தால் உடம்பெல்லாம் மயிர், வியர்வை நாற்றம், கதவில் இடிக்கும் உயரம். பருவமடையும் பிள்ளை தன் உடம்பைப் பார்த்து அடையும் கூச்சம் அத்தனையும் அந்த உருவத்தில் இருக்கிறது. கோரைப்பல்லும் நகமுமாக வரைந்திருந்தால் நாமும் அவளைக் கண்டு விலகியிருப்போம். வரைந்தவர்கள் வட்டங்களைத் தேர்ந்தார்கள்: பெரிய தலை, உப்பிய கன்னம், அகன்ற கண். குழந்தையின் முகத்துக்குரிய இந்த அளவுகள் நம்மிடம் பாதுகாக்கும் உணர்வைத் தூண்டுகின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943லேயே எழுதியிருந்தார். 'சைலர் மூன்' போன்ற ஜப்பானியத் தொடர்களிலிருந்து மின்னும் கண்களும் வந்தன. அவள் வெறுக்கும் உடம்பை நாம் அணைக்க விரும்புகிறோம். தோழிகளும் அதைத்தான் செய்கிறார்கள். அவள் தன்னை ஏற்றுக்கொள்ளும் முன்பே நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். எந்த வசனமும் இதை இவ்வளவு விரைவாகச் செய்திருக்காது.

அந்தத் தோழிகளில் ஒருத்தி பிரியா. மூக்குக்கண்ணாடி, பாதி மூடிய இமைகள், எதற்கும் பதறாத முகம். குரல் மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணனுடையது. பிரியாவைத் தமிழ்ப் பிள்ளை என்று படம் சொல்வதில்லை. ஆனாலும் ஸ்காபரோவிலிருந்து கிழக்கே நகர்ந்து பிக்கரிங்கிலும் ஏஜாக்ஸிலும் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தக் குரலை உடனே இனங்கண்டார்கள். அவளுக்கு இன்னும் நிறைய இடம் தந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

படம் டிஸ்னி பிளஸ் வழியாக நேரே வீட்டுக்கு வந்ததால், தாயும் மகளும் ஒரே சோபாவில் இருந்து அதைப் பார்க்க முடிந்தது. மெய்யின் தாய் மிங், பள்ளி வளவில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று மகளைக் கண்காணிப்பாள். பிள்ளைகள் சிரிக்கும் இடம் அது. கடைசியில் மிங்கும் பாண்டாவாகிறாள், விளையாட்டரங்கின் கூரையைப் பிளக்கும் அளவுக்கு. அப்போதும் அதே காது, அதே வால். மகளுக்காக நாம் சேர்த்துவைத்த பரிவு, உருவம் ஒன்றாக இருப்பதால், தாய்க்கும் போய்ச் சேர்கிறது.

மெய்யின் அம்மம்மாவுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. முதல் முறை பார்க்கையில் அது கண்டிப்பான கிழவிக்கு வரைந்த அடையாளம் என்றே தோன்றும். இளம்வயதில் தாயோடு சண்டை பிடித்தபோது, பாண்டாவாக இருந்த மிங் ஏற்படுத்திய காயம் அது என்பது பிறகுதான் தெரியும். உங்கள் வீட்டில் அம்மம்மாவும் இருந்தால் இந்தப் படத்தை அவரோடு இருந்து பாருங்கள். தழும்பின் கதை தெரியவரும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.