உறக்கத்தில் நின்ற இதயங்கள்



ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றும் நான், சிங்கப்பூர் வரும்போதெல்லாம் டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுவது வழக்கம். நிலையம் 1987இல் திறக்கப்பட்டது. பெயரோ அதைவிடப் பழையது. முற்காலத்தில் இங்கு ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி துவைத்து, அருகிலிருந்த திடலில் உலர்த்தினர். அவர்கள் செய்த தொழில் இடத்தின் பெயராக நின்றுவிட்டது. ஆட்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவர்களைப் போலவே கடல் கடந்து வந்து உழைத்த வேறொரு கூட்டத்தாரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

1980களில் சிங்கப்பூரின் அடுக்குமாடிகளும் சாலைகளும் எழும்பியபோது, தாய்லாந்தின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கட்டுமான வேலைக்கு வந்தனர். 1982 முதல் 1990 வரையிலான ஆண்டுகளில் அவர்களுள் இருநூறு பேருக்கு மேல் உறக்கத்திலேயே இறந்துபோயினர். பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டியவர்கள். முதல் நாள் மாலை வரை சிமெண்டு மூட்டை சுமந்தவர்கள். பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய் அடைப்போ, நஞ்சோ, காயமோ தென்படவில்லை. வைட்டமின் குறைவு என்றனர் சிலர். பொட்டாசியம் என்னும் உப்புக் குறைவு என்றனர் வேறு சிலர். மிகையான உழைப்பே காரணம் என்றவர்களும் உண்டு. ஊரில் இருந்தவர்களோ, விதவைப் பேய் ஒன்று ஆண்களைத் தேடி வருவதாக நம்பினர். அதை ஏமாற்றுவதற்காக ஆண்கள் பெண்ணுடை உடுத்திப் படுத்த கிராமங்கள் உண்டு.

இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கில்லை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் மரம் வெட்டும் மாமா ஒருவர் இரவில் படுத்தவர், விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்திருக்கவில்லை. "அமுக்குவான் பேய் அமுக்கிவிட்டது" என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு அது நெடுநாள் வரை போதுமான விளக்கமாகவே இருந்தது.

மருத்துவர்களுக்கு என்ன இடையூறு என்று சற்று எண்ணிப் பாருங்கள். இதயம் ஒரு பம்பு. அதை இயக்குவது மின்சாரம். பம்பு பழுதானால் அறுத்துப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். மின்னோட்டம் குழம்பினால், இறந்த பின் அதற்கு அடையாளம் ஏது? கீழறைகள் முறையாகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 300 தடவைக்கும் மேலாக நடுங்கத் தொடங்கினால் இரத்தம் வெளியேறுவதில்லை. சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் போகும். திடீர் மரணத்துக்கு இந்த நடுக்கமே காரணமாகலாம் என்று ஸ்காட்லாந்தின் மக்வில்லியம் 1889இலேயே எழுதினார். ஆனால் அந்த நிமிடத்தில் அருகிலிருந்து யார் பதிவு செய்வது?

அதற்கு விடை வேறொரு நோக்கத்துக்காகச் செய்த கருவியிலிருந்து கிடைத்தது. போலந்தில் பிறந்து, போரில் அகதியாக ஓடிய மிஷேல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர், தம் ஆசான் ஹெல்லர் 1966இல் இத்தகைய துடிப்புக் கோளாறால் இறந்ததைக் கண்டு மனம் நொந்தவர். மருத்துவமனையில் மின்னதிர்ச்சி கொடுத்து நடுக்கத்தை நிறுத்தும் வழி அப்போதே உண்டு. மருத்துவமனையை நோயாளியின் உடலுக்குள் வைத்தால் என்ன என்று இவர் எண்ணினார். இது வீண் வேலை என்று பெரிய மருத்துவர்களே எழுதினார்கள். ஆயினும் பால்டிமோர் நகரில் மார்ட்டன் மோவர் என்பவருடன் சேர்ந்து முயன்று, 1980 பிப்ரவரி 4ஆம் நாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு அக்கருவியைப் பொருத்தச் செய்தார். அறுவை செய்தவர் லீவை வாட்கின்ஸ். சுமார் கால் கிலோ எடையுள்ள பெட்டி அது. வயிற்றுத் தோலுக்கடியில் வைத்தார்கள்.

அந்த முதல் கருவி அதிர்ச்சி கொடுத்ததே தவிர, எதைக் கண்டு கொடுத்தது என்று எழுதி வைக்கவில்லை. அது எழுதக் கற்றுக்கொண்டது 1990களை ஒட்டித்தான். இதயத்துக்குள் செல்லும் கம்பியின் வழியாக, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை அது அளக்கிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் இடைவெளி 1000 மில்லி செகண்டு. 300 துடிப்பு என்றால் 200. நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் போடக்கூடிய வகுத்தல் கணக்கு. இடைவெளி வரம்புக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் கருவி அதிர்ச்சி கொடுக்கும். முன்னும் பின்னும் ஓடிய அலையையும் தேதி, மணியோடு சேமித்துவிடும்.

அதைப் படிப்பது கணக்கு மட்டுமன்று. மேலறைக் கோளாறினால் வேகமாக ஓடும் துடிப்பை ஆபத்தான நடுக்கம் என்று கருவி தவறாக எண்ணக்கூடும். கம்பியில் முறிவு ஏற்பட்டால், எந்த இதயமும் துடிக்க இயலாத மிகச் சிறிய இடைவெளிகள் பதிவாகும். விழித்திருக்கும் மனிதருக்கு வீணான அதிர்ச்சி மார்பில் உதைத்தாற்போல விழும். ஆகவே துடிப்பின் வடிவம், அது திடீரெனத் தொடங்கியதா மெல்ல ஏறியதா என்பன போன்றவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

தாய்லாந்து இளைஞர்களின் புதிர் அவிழத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். 1992இல் பெத்ரோ, ஜோசெப் புருகாடா என்ற சகோதரர்கள், இதயத்தில் வேறு பழுது இல்லாமலே நடுக்கத்துக்கு ஆளான 8 பேரின் ஈ.சி.ஜி.யில் ஒரே வகையான மேலெழும் கோட்டைக் கண்டார்கள். 1997இல் நாடிமணி என்பவரும் உடன் பணியாற்றியோரும், இவ்வாறு சாவின் விளிம்புக்குச் சென்று மீண்ட தாய்லாந்து ஆண்கள் உள்ளிட்ட 27 பேரை ஆராய்ந்து, 16 பேரிடம் அதே கோடு இருப்பதாக அறிவித்தனர். ஜப்பானிய மருத்துவர்கள் இத்தகையோரின் உடலிலிருந்த கருவிகளின் பதிவுகளைப் படித்தபோது, நடுக்கம் பெரும்பாலும் இரவிலேயே வந்திருந்தது. பேய் வரும் நேரம் என்று கிராமத்தார் சொன்ன அதே நேரம்! நேரத்தைப் பற்றி அவர்கள் பொய் சொல்லவில்லை.

தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தது. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 7 பேர் இறந்தனர். கருவி பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் அவர்களில் 12 பேருக்கு நடுக்கம் வந்து, கருவி அதை நிறுத்தியிருந்தது. கருவி இல்லாவிடில் அந்த 12 பேரும் காரணம் தெரியாத மரணங்களாகவே எழுதப்பட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

எங்கள் லயத்து மாமாவுக்கு நேர்ந்தது இதுதானா என்று இனி எவரும் சொல்ல இயலாது. அவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட ஈ.சி.ஜி. எடுத்ததில்லை. இந்நோய் பரம்பரையாக வரக்கூடியது என்று படித்த பின், அவர் மகனை நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். கோடு சரியாக இருந்தது. அந்தக் கோடு ஒரு நாள் தெரிந்து மறுநாள் மறைவதும் உண்டாம்; ஆகவே மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.