ஹார்ட் டிஸ்க் வேஷம் போட்ட சில்லு

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. தீசிஸ் பூதம் விட்டாத்தானே! :-)

போன வாரம் ரூம்மேட் கென்னடி ரோட்டுப் பக்கம் ஒரு கராஜ் சேல்ல அஞ்சு டாலருக்கு ஒரு குட்டி லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். ஆசுஸ் ஈ பிசி 701. 2007-ல் வந்தது, ஏழு அங்குலத் திரை, உள்ளே 4 ஜிபி எஸ்எஸ்டி. சார்ஜரைச் செருகினா எழுந்து உட்காருது! அதே வாரம் அம்மா போன்ல, மதுரை வீட்டு பீரோவில் இருந்த என் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'னு சத்தம் போட்டுட்டு நின்னுடுச்சுன்னாங்க. தாத்தா போட்டோவெல்லாம் அதுலதான். "அடுத்த தடவை அந்த எஸ்எஸ்டியே வாங்கிட்டு வாப்பா"ன்னாங்க. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நோண்டினேன். நோண்டினதுல கிடைச்ச கதைதான் இது.

எஸ்எஸ்டி ஆரம்பத்திலிருந்தே வேஷம் போட்டுத்தான் பிழைச்சிருக்கு. 1978-ல் ஸ்டோரேஜ்டெக் கம்பெனி எஸ்டிசி 4305 என்று ஒன்றை விற்றது. 45 எம்பி, விலை 4 லட்சம் டாலர். ஐபிஎம் 2305 டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே மாட்டலாம். கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியாது. வேகம் மட்டும் ஏழு மடங்கு.

அடுத்த வேஷக்காரர் நம்ம ஊர்க்காரர். கான்பூரில் பிறந்து, பிலானியில் படிச்சு, பாதியில் பெர்க்லிக்குப் போய் மாஸ்டர்ஸ் முடிச்சவர் சஞ்சய் மெஹ்ரோத்ரா. 1988-ல் எலி ஹராரி, ஜாக் யுவான் ரெண்டு பேரோட சேர்ந்து சன்டிஸ்க் ஆரம்பிச்சார் (பிறகுதான் சான்டிஸ்க் ஆச்சு). 1991-ல் ஐபிஎம்முக்கு அவங்க கொடுத்த எஸ்எஸ்டி 20 எம்பி, விலை சுமார் ஆயிரம் டாலர். அதாவது ஒரு எம்பிக்கு 50 டாலர்! இன்னிக்கு ஒரு பாட்டு எம்பி3 கூட நாலஞ்சு எம்பி வரும். ஹார்ட் டிஸ்க் அப்பவே இதைவிடப் பல மடங்கு மலிவு. ஆனா சுத்துற தட்டு கிடையாது, கீழே விழுந்தா தலை தட்டில் உரசாது, மின்சாரமும் கம்மி. முக்கியமா, அதே இரண்டரை அங்குல அளவு, ஹார்ட் டிஸ்க் பேசுற அதே பாஷை. யாரும் கம்ப்யூட்டரை மாத்தி வடிவமைக்க வேண்டியதில்லை. அதுதான் சாமர்த்தியம்னு எனக்குப் படுது.

வேஷத்துக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் பழசு மேலேயே புதுசை எழுதலாம். ஃப்ளாஷ் சில்லில் முடியாது. எழுதுறது 4 கேபி பக்கம் பக்கமா, அழிக்கிறதோ 512 கேபி மொத்தமா (2008 வாக்கில் வந்த சில்லுகளில்). வாடகை வீட்டில் ஒரு ரூமுக்கு வெள்ளையடிக்க மொத்த வீட்டையும் காலி பண்ற மாதிரி. நீங்க ஒரு கோப்பை அழிச்சா, விண்டோஸ் தன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அடிச்சுக்கும். எஸ்எஸ்டிக்குத் தகவலே போகாது, ஏன்னா அதை ஹார்ட் டிஸ்க்னு நினைச்சுட்டு இருக்கே! செத்துப்போன டேட்டாவையும் அது சுமந்துட்டே அலையும். 2008-ல் ஜேமைக்ரான் சில்லோட வந்த மலிவு எஸ்எஸ்டிகள் எழுதும்போது விக்கி விக்கி நின்னது இந்த அழி-எழுது கூத்தில்தான். அதே வருஷம் இன்டெல் எக்ஸ்25-எம் (80 ஜிபி, 595 டாலர்) அந்த விக்கலைக் குறைச்சது. 2009-ல் விண்டோஸ் 7 'ட்ரிம்' கட்டளை கொண்டுவந்த பிறகுதான் "இது அழிஞ்சாச்சு"ன்னு எஸ்எஸ்டிக்கே சொல்ல வழி பிறந்தது. 2011-ல் என்விஎம்இ வந்ததும் வேஷமே வேண்டாம்னு ஆச்சு.

2016-ல் அந்த சான்டிஸ்க்கையே வாங்கினது யார் தெரியுமா? ஹார்ட் டிஸ்க் விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல். 2025-ல் மறுபடி பிரிஞ்சுட்டாங்க.

சரி, அம்மா பீரோவுக்கு வருவோம். ஃப்ளாஷ் சில்லு தகவலை மின்னூட்டமாத்தான் பிடிச்சு வைக்குது, அது மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுள் முடிஞ்ச நிலையில், மின்சாரம் இல்லாம 30 டிகிரியில் ஒரு வருஷம் தாங்கணும்னுதான் ஜெடெக் தர விதி கேட்குது. புதுசு அதைவிட நல்லாவே தாங்கும். ஆனா மதுரை வெயில்ல, பூட்டின பீரோவுக்குள்ள, வருஷக்கணக்கா? 701 எழுந்துச்சுன்னு எல்லாமே எழும்னு நம்ப எனக்குத் தைரியமில்லை. அது செல்லுக்கு ஒன்றிரண்டு பிட் வைத்த காலம். இப்ப மூணு, நாலுன்னு அடைக்கிறாங்க. ஹார்ட் டிஸ்க்கும் சாகும், பார்த்தாச்சே. ஆனா அதோட காந்தப்புள்ளி கரன்ட் இல்லைன்னு கசியாது.

ஆடிக்கு ஊருக்குப் போறேன். பெட்டியில் ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கும், ஒண்ணு எங்க வீட்டுக்கு, ஒண்ணு அத்தை வீட்டுக்கு. தாத்தா போட்டோ பாதி என் லேப்டாப்பில் இருக்கு. மீதியை சித்தப்பா வீட்டு ஆல்பத்திலிருந்து ஸ்கேன் பண்ணணும்.