ஒரே கடிதம், நாற்பது பேர்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பருவம் முடிந்ததும் 'புல்த்தேன்' வீட்டுக்கு வரும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வாத்தியார் ஒரு வரி எழுதியிருப்பார். எனக்குப் பெரும்பாலும் 'பே மியே ஃபேர்' தான். அதாவது, இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "எதை நல்லா செய்யணுமாம்?" என்று கேட்பார். எனக்கும் தெரியாது. பக்கத்துப் பையனுக்கும் அதே வரிதான்.

இப்படிப்பட்ட புல்த்தேன் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் உண்டு. அதன் வரலாறு சுவையானது, கொஞ்சம் வருத்தமானதும்கூட.

1847-இல் வியன்னா நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கணக்குப் பார்த்தார். மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில், மருத்துவச்சிகளின் பிரிவைவிட அதிகத் தாய்மார்கள் காய்ச்சலில் இறந்தார்கள். மாணவர்கள் பிணஅறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் இருந்த இறப்பு, ஜூனில் இரண்டுக்குச் சற்று மேலாக இறங்கியது. ஆனாலும் பெரிய பேராசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. மனம் கொதித்த செம்மல்வைஸ், பின்னாளில் அவர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதம் எழுதினார். கணக்கு சரிதான், ஆனால் அப்படித் திட்டியபின் யார் காது கொடுப்பார்கள்? 1865-இல் மனநோய் விடுதியில் இறந்துபோனார்.

அடுத்தவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. ஓராண்டு கழித்து அவரைத் திரும்ப அழைத்து, குணமானாரா, இல்லையென்றால் தவறு எங்கே என்று எழுதவேண்டும். ஆஸ்பத்திரிகள் அதை வெளியிடவும் வேண்டும் என்றார். தம்முடைய சிறு ஆஸ்பத்திரியில் 337 நோயாளிகளில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தாமே அச்சிட்டார். ஆனால் 1915-இல், சக மருத்துவர்களைக் கேலி செய்யும் ஒரு சித்திரத்தை நிறைந்த கூட்டத்தில் காட்டி எல்லோரையும் பகைத்துக்கொண்டார். 1940-இல் இறந்த அவருக்குக் கல்லறைக் கல் வைக்கப்பட்டது 2014-இல்தான்.

இருவரிடமும் உண்மை இருந்தது. அதை யாருக்கு, எப்படிச் சொல்வது என்பதுதான் கைகூடவில்லை. 1996-இல் குளூகர், டெநிசி என்ற இரு உளவியலாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னதால் சராசரியாக நன்மை உண்டு. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் வேலை இன்னும் கெட்டிருந்தது! 2012-இல் மருத்துவத் துறையில் மட்டும் 140 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பொதுவாகக் கிடைத்த முன்னேற்றம் நூற்றுக்கு நாலு சொச்சம்தான். சில இடங்களில் ஒன்றுமே இல்லை. சில இடங்களில் பதினாறுக்கும் மேல். மேலதிகாரியோ சக ஊழியரோ சொன்னால், ஒரு தடவைக்கு மேல் சொன்னால், இலக்கும் அதற்கான வழியும் சேர்த்துச் சொன்னால் பலன் கூடுகிறதாம்.

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு எய்ட்ஸ் சிகிச்சை நிலையங்களில், ஊழியர்கள் தொடுதிரையில் நோயாளி விவரம் பதிகிறார்கள். அந்தப் பதிவுகளைக்கொண்டு ஆளுக்கேற்ற சேதியை மென்பொருளே தேர்ந்தெடுக்கலாமே என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். ஒருவர் போன மாதத்தைவிட முன்னேறியிருந்தால் அந்த ஏற்றத்தைக் காட்டும். பின்தங்கியவருக்கு அவரைப் போன்ற மற்றவர்கள் எட்டிய அளவைக் காட்டும். எப்போதும் நன்றாகச் செய்கிறவரை வீணாகத் தொந்தரவு செய்யாது. குறை ஆளிடமா, மருந்தோ கருவியோ இல்லாததாலா என்றும் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய காட்சி ஒன்று வந்தது.

எண்பதுகளில் ஓர் அலுவலகத்தில் கிராம நர்ஸ்களின் மாதக் கணக்கு என் மேசைக்கு வரும். தடுப்பூசி இலக்கை எட்டாத நாற்பது பேருக்கு மெமோ போடச் சொன்னார் அதிகாரி. ஒரே ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, பெயரை மட்டும் கையால் நிரப்பினேன். அரை நாள் வேலை.

மறுவாரம் ஒரு நர்ஸம்மா மெமோவோடு வந்தார். "சார், இதுல என் பேரைத் தவிர என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையே" என்றார். நோட்டைப் பிரித்துக் காட்டினார். ஊசி போட அலுவலகம் குறித்த கிழமையில் அவருடைய குப்பத்துப் பெண்கள் விடியுமுன்னே மீன் விற்கப் போய்விடுகிறார்கள். கிழமையை மாற்றினால் போதும் என்றார். மற்ற ஊர்களில் அவர் கணக்கு எல்லோரையும்விட நன்றாகவே இருந்தது. அந்த எண்கள் என் மேசையிலேயே இருந்தவை. நான் அப்படிப் பிரித்துப் பார்த்ததேயில்லை.

"எழுதிக் கொடுங்கம்மா, மேலே அனுப்பறேன்" என்றேன். எழுதிக் கொடுத்தார். அனுப்பினேன். பதில் வரவில்லை, நானும் நினைவூட்டவில்லை. அந்த வருஷம் அவருக்கு விழுந்த பாதகக் குறிப்பையும் தட்டச்சு செய்தவன் நான்தான்.

மென்பொருள் இன்று செய்யப் பார்க்கிற வேலைக்கு அன்று ஒரு பென்சிலும் ஒரு மணி நேரமும் போதும். நாற்பது வரியில் ஒரு வரியை நிறுத்திப் படித்திருக்கலாம். என் புல்த்தேனில் யாரோ எழுதியது நிஜம்தான் போலிருக்கிறது. எதை நன்றாகச் செய்திருக்கவேண்டும் என்பது இப்போதுதான் விளங்குகிறது.