கடல்கட்டியின் சுகவீன விடுமுறை

ஒரு வார சுகவீன விடுமுறைக்குப் பின்னர் சென்ற திங்கட்கிழமை மீண்டும் பணிக்குச் சென்றேன். காய்ச்சல் விட்டிருந்தது, தொண்டைநோவு விடவில்லை. உப்புநீரால் கொப்பளித்து, வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்த நீரைப் போத்தலில் நிரப்பிச் சென்றும், நண்பகலுக்குள் குரல் முற்றாக அடங்கிவிட்டது. பத்திரிகையாளனுக்குப் பேனாவே ஆயுதம் என்பார்கள். ஆனால் பாதி வேலை தொலைபேசியில், குரலால்தான் நடக்கிறது. மன்னாரில் உள்ள ஒருவரிடம் கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்றை, பக்கத்து மேசை இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு மௌனமாக அமர்ந்திருந்தேன். அப்போது, அதே மன்னார்க் கரையில் குரலையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார்.

அவரைக் கடல்கட்டி என்பர். மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் உள்ள அரிப்பு நெடுங்காலம் முத்துச் சலாபத்தின் தலைமையிடமாக விளங்கியது. ஆளுநர் பிரடெரிக் நோர்த் அங்கு கட்டிய மாளிகையைக் கடல் சிறிது சிறிதாகத் தின்று வந்திருக்கிறது. சலாப காலத்தில் தோணிகள் இரவிலே நிலக்காற்றைப் பிடித்து முத்துப் பார்களை நோக்கிப் புறப்படும். விடிந்ததும் முத்துக்குளிப்போர் கனத்த கல்லொன்றில் காலைப் பதித்து ஆழத்துக்கு இறங்குவர். நண்பகலுக்குப் பின் கடற்காற்றோடு கரை திரும்புவர். அதுவரை சுறாக்களின் வாயைக் கட்டி வைப்பது கடல்கட்டியின் பொறுப்பு.

1803ஆம் ஆண்டில் இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட ரொபர்ட் பேர்சிவல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, இந்த மந்திரக்காரரைக் கரையில் நின்று இடைவிடாது முணுமுணுப்பவராக வர்ணிக்கிறார். ஓதும் வேளையில் உணவும் கூடாது, நீரும் கூடாது. மீறினால் மந்திரம் பலிக்காது. நிழலற்ற அந்த மணற்கரையில், பங்குனி வெயிலில், ஒரு மிடறு தண்ணீரும் இன்றி ஓதும் தொண்டை என்ன பாடுபட்டிருக்கும்! சிலர் விரதத்தைக் கைவிட்டு, நிற்க முடியாத அளவுக்குக் கள் அருந்தினர் என்று பேர்சிவல் ஏளனம் செய்கிறார். இன்றைய நிலையில் அந்தக் கள்ளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது மிகப் பழைய தொழில். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பகுதியைப் பற்றிக் கூறிய மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார். இரவில் அவர்கள் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டுத்தனமாக முத்துக்குளிக்க எவரும் துணியாதிருக்க இதைவிட மலிவான காவல் உண்டோ!

மந்திரத்தை நம்பாத பிரித்தானிய அரசும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. அதற்கு மேலதிகமாக, ஒவ்வொரு தோணியிலிருந்தும் நாளொன்றுக்குப் பத்துச் சிப்பிகள் அவருக்கு உரியவை. காரணம் எளிது. அவர் இல்லாமல் குளிப்போர் நீரில் இறங்கமாட்டார்கள். இறங்காவிட்டால் வருமானம் இல்லை.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனண்ட், 1859இல் வெளியான தமது நூலில் இவ்விடயத்தைச் சொல்கிறார். அரிப்பில் இப்பதவி ஒரே குடும்பத்தின் பரம்பரை உரிமை. அன்றைய தலைவர் ஒரு கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் வலிமை குறைந்ததாக எவரும் கருதவில்லை. தெனண்ட் சென்ற வேளையில் அவர் நோயுற்றிருந்தார். பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். இரகசிய மந்திரம் தமக்குத் தெரியாது என்று அந்தப் பதிலாள் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். ஆயினும் மேலானவரின் பிரதிநிதியாகத் தாம் வந்து நிற்பதையே சுறாக்கள் மதிக்கும் என்று உறுதியளித்தார்.

பல்கலைக்கழக நாட்களில் இதைப் படித்துச் சிரித்தேன். பிரித்தானியர் ஆட்சியில் அதுவரை உறுதியாக அறியப்பட்ட சுறா விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்றும் தெனண்ட் எழுதுகிறார். தோணிக் கூட்டத்தின் ஆரவாரமே சுறாக்களை விலக்கியிருக்கலாம். ஆனால் இப்போது என் மனம் வீட்டில் படுத்திருந்த அந்த மனிதரிடமே செல்கிறது. நோயின் பெயரைத் தெனண்ட் குறிப்பிடவில்லை. தொண்டை என்றே நான் வைத்துக்கொள்கிறேன். தோணிகள் திரும்பும்வரை அவர் எதற்கு அதிகம் அஞ்சியிருப்பார்? பதிலாளைச் சுறாக்கள் மதியாமல் விடுவதற்கா, மதித்துவிடுவதற்கா?

இளைஞர் தொலைபேசியை வைத்தார். குறிப்பேட்டில் இரண்டு பக்கங்கள் நிரம்பியிருந்தன.

“அண்ணை, உங்கட பேரைச் சொன்ன உடனை அவர் எல்லாத்தையும் சொல்லிப்போட்டார்.”

நான் தலையை மட்டும் அசைத்துவிட்டு, ஆறிப்போயிருந்த கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்தேன்.