போச்சு

மரக்காணம் உப்பளத்தில் கோடையில் திடுமென மழை இறங்கினால், பாத்தியில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது கண்ணெதிரே தண்ணீராகிவிடும். பக்கத்துப் பிரம்மதேசத்துக்காரர் ஆனாலும் மரக்காணத்துக்காரர் ஆனாலும் அப்போது வாயில் வரும் சொல், 'போச்சு'. என்ன போச்சு என்று யாரும் கேட்பதில்லை.

ஏட்டில் இது 'போயிற்று'. ஒன்றன்பால் வினைமுற்றுக்குத் தொல்காப்பியர் சொல்லும் து, று, டு ஈறுகளில் 'று' பெற்றது. வந்தது, நின்றது என்று பல வினைகள் 'து'வோடு நடக்க, போயிற்று, ஆயிற்று, ஓடிற்று இந்தப் பக்கம் ஒதுங்கின. பேச்சில் காற்று காத்தாகும், நேற்று நேத்தாகும். அந்தக் கணக்கில் 'போயித்து' என்றுதான் நின்றிருக்க வேண்டும். முன்னே இருந்த யகரமும் இகரமும் விடவில்லை. ஐந்தை அஞ்சாக்கி, வைத்ததை வச்சதாக்கிய அதே ஒலிதான் இதையும் போச்சாக்கியது.

ஆங்கிலத்திலும் போதல் வினைதான் முறை தவறியது. 'கோ'வுக்கு இறந்தகாலமாக நிற்கும் 'வென்ட்' அதன் சொந்தப் பிள்ளையல்ல. திரும்புதல், வழிநடத்தல் என்ற பொருளில் இருந்த 'வெண்டு' என்ற இன்னொரு வினையிடமிருந்து சுவீகாரம் வந்தது. நாம் தத்தெடுக்கவில்லை, தேய்த்தோம். தேய்ந்த துண்டும் சும்மா கிடக்கவில்லை. 'ச்சு' கழன்று, 'இற்று' ஏற்றறியாத வினைகளிலெல்லாம் ஒட்டிக்கொண்டது: வந்துச்சு, விழுந்துச்சு, மழை பெஞ்சுச்சு. பள்ளிக்கூடத்துச் சிவப்பு மை இதைத் தடுக்கப் பார்த்து ஓய்ந்துவிட்டது.

பொருள்தான் அதிகம் நகர்ந்தது. போயிற்று என்றால் முதற்பொருள் இடம் பெயர்ந்தது என்பதே. தனியே நின்று போச்சு என்றால் இழப்பு. அதுவும் யாரும் வேண்டிச் செய்யாத இழப்பு. பாலில் சர்க்கரை கரைஞ்சுச்சு என்கிறோம். மழையில் உப்பு கரைஞ்சுபோச்சு என்கிறோம். செய்தித்தாள் இரண்டையும் ஒதுக்கி 'கரைந்து போனது' என்று எழுதும். என் காதுக்கு அதில் வயிற்றெரிச்சல் கேட்பதில்லை.

கூடப் பிறந்த 'ஆச்சு' எதிர்த்திசையில் போனது. ஆச்சா என்றால் முடிந்ததா என்று பொருள். உப்பை வாரி, அம்பாரமாகக் குவித்து, மேலே கீற்றுப் போட்டு மூடிய பிறகுதான் உப்பளத்தில் அந்தச் சொல் வரும். கடைசிக் கீற்று விழுவதற்குள் மேற்கே கறுத்தால், வாயில் வருவது மற்றதுதான்.